பைக்குள் பசித்த மொக்குசாமி

இலங்கையின் எல்கடுவ மலையில் ஒரு தேயிலை ஆலையின் மோட்டார்களுக்கு இருபத்தெட்டு வருஷம் வைத்தியம் பார்த்த அழகையாவுக்கு, ஐம்பதாவது வயதில் இரண்டு பைத்தியங்கள் சேர்ந்தாற்போல் பிடித்தன. ஒன்று, கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ். மற்றது, மாலையானால் தொலைக்காட்சியில் சிங்களம் பேசிக்கொண்டு வரும் ஜப்பான் கார்ட்டூன். அதில் வாளும் தொப்பையுமாய்த் திரியும் மரநாய்க்கு மொகுசுகே என்று பெயர். அவர் மனைவி வேலம்மாவின் வாயில் அது மொக்குசாமி ஆகிவிட்டது. அந்தச் சாமிக்கு எந்தக் கிழமை விசேஷம் என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிழவி கேட்டதாகவும் பேச்சு.

இரண்டாயிரத்து ஏழில் ஆலை வேலை வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியது. உக்குவளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நுஹ்மான் முதலாளி, ஜப்பான்காரன் கழித்துவிட்ட லெப்டொப் ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"இதுக்கு உசிர் குடுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முந்திக் கொண்டாங்க அண்ணே. கடையில ஒரு மேசை ஒங்களுக்குத்தான். பிந்தினா அந்த மேசைக்கு வேற ஆள்."

தபாலில் வந்த இலவச லினக்ஸ் சீடியைப் போட்டு அழகையா உசிர் கொடுத்தார். உசிர் வந்தது, குரல் வரவில்லை. மூன்று நாள் ஆணி ஆணியாகக் கழற்றித் தேடினால், ஒலியின் அளவு பிறந்த நாள் முதல் பூஜ்யத்திலேயே கிடந்திருக்கிறது. வயர்லெஸ்ஸோ, மவுஸைப் பிடுங்கினால்தான் கண் விழிக்கும். அதையும் பழக்கினார். ஒரு வியாதி மட்டும் மசியவில்லை: மூடியைச் சாத்தினால் ஊரிலுள்ள லெப்டொப்பெல்லாம் தூங்கும், இது தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும். பெட்டரி இறங்கினால் முதலில் பீப் அடிக்கும்; அதற்கும் மசியாவிட்டால் எச்சரிக்க, "அம்மே, படகினி!", அதாவது அம்மா பசிக்கிறது, என்று மொகுசுகே அலறும் குரலை அதற்குள் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை செய்த கடைசி வைத்தியம் பலித்துவிட்டதென்று நம்பி, வெள்ளிக்கிழமை காலை மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வேலம்மாவும் கூடவே ஏறினாள்.

யுத்த காலம்; உக்குவளைக்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அந்நேரம் பார்த்துப் பை, "பீப்... பீப்..." என்றது.

வரிசை அப்படியே ஆவியாகிவிட்டது. நொண்டிக் காலோடு வந்த கண்டக்டர்கூட மதகைத் தாண்டி மிளகுத் தோட்டத்துக்குள் போய் நின்றாராம்.

"யாருடைய பை?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கர்ஜித்தார்.

"இவரு பைதாங்க," என்று வேலம்மா விரல் நீட்டினாள். "நா பஸ்ஸுல சும்மா பக்கத்துல ஒக்காந்தவ."

"அடிப்பாவி!" என்ற அழகையா, தமக்குத் தெரிந்த சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்: "மாத்தயா, பயப்பட வேணாம். உள்ளே இருக்கிறது தூங்கியிருக்க வேணும். தூங்கவில்லை."

"எவன் தூங்கவில்லை?"

விளக்கம் கெடுத்தது. மணல் மூட்டைகளுக்கு நடுவே பையை வைத்தார்கள். குண்டை வெடிக்கவைக்கும் ஆட்களுக்குச் செய்தி பறந்தது. கடையில் கிடைக்கவிருந்த மேசை மணல் மூட்டைக்கு நடுவில் தூளாகப் போவதை அழகையா வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மே, படகினி!" என்றது பை.

"பைக்குள் பிள்ளையா?" என்று சார்ஜன்ட் அலறினார்.

ஆனால் மீசை முறுக்கிய கோப்ரல் ஒருவர், "மொகுசுகே!" என்று சிரித்துவிட்டு, உடனே மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். சிறுபிள்ளைக் கார்ட்டூன் பார்ப்பவர் என்று மேலதிகாரி முன்னால் யார்தான் ஒத்துக்கொள்வார்?

அழகையா விடவில்லை. மரநாயின் குரலிலேயே கத்தினார்: "அம்மே, படகினி! கெவுங் எகக்..."

கோப்ரலின் மீசை துடித்தது. பல்லைக் கடித்தார். முடியவில்லை. "...கெசெல் எகக்!" என்று முடித்தேவிட்டார். ஒரு பணியாரம், ஒரு வாழைப்பழம்: ஜப்பான் மரநாய்க்குச் சிங்களக்காரர்கள் எழுதிக்கொடுத்த பசிப்பாட்டு அது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சார்ஜன்ட்.

"மகள் பார்ப்பாள், சேர்," என்றார் கல்யாணமாகாத கோப்ரல்.

அவரே மூங்கில் கழியால் பையைத் திறக்கவேண்டியதாயிற்று. மூடி நிமிர்ந்ததும் திரையில் மரநாய் வாளோடு பல்லிளித்தது. அடுத்த நொடி பெட்டரி செத்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, போகச் சொன்னார்.

அழகையா ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் நுழைந்தபோது, நுஹ்மான் வெள்ளைத் தொப்பி போட்டு வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். வயரைச் சொருகினார்கள். படம் வந்தது, பாட்டு வந்தது. முதலாளி மூடியைச் சாத்திக் காதை வைத்தார்.

"உள்ளுக்கு ஃபேன் சுத்துதே. தூங்கலயே அண்ணே?"

"அது வந்து, மொதலாளி..."

"சரி, நான் தொழுதுட்டு வாறேன். வரக்குள்ள தூங்கணும். இல்லாட்டி மேசை இல்ல."

ஒரு மணி நேரம் அழகையா கட்டளைமேல் கட்டளையாகத் தட்டினார். லெப்டொப் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. தெருவில் தொழுகை முடிந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும், "தள்ளுங்க, ஒங்க வைத்தியமும் நீங்களும்," என்று வேலம்மா அவரை இடித்து நகர்த்தினாள்.

நுஹ்மான் வந்து மூடியில் காதை வைத்தார். இம்மியும் சத்தமில்லை.

"மாஷா அல்லாஹ்! எப்பிடி அண்ணே?"

அழகையா வேலம்மாவைப் பார்த்தார்.

"அசந்து தூங்குது மொதலாளி, எழுப்பிறாதீங்க," என்றாள் வேலம்மா. அவள் காலடியில் வயர் பிடுங்கிக் கிடந்தது; சேலைச் செருகலில் பெட்டரி அளவில் ஏதோ ஒன்று செங்கல் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. "மொதல்ல மேசையக் காட்டுங்க. இவரு ஒக்காரட்டும்."