பத்து வீட்டுச் சந்தா

1994 நவம்பர் 6 – ரூபா 600.00
1994 நவம்பர் 20 – ரூபா 600.00
1994 டிசம்பர் 4 – ரூபா 540.00
1994 டிசம்பர் 18 – ரூபா 60.00
1994 டிசம்பர் 20 – காசுக்கட்டளை, ரூபா 1,800.00

மூன்றாவது வரியில் அறுபது ரூபா குறைகிறது. உடையார்கட்டில் கலிஸ்ரா ஆகக் கூடுதலாகப் பதறியதும், ஆகக் கூடுதலாகத் துள்ளிக் குதித்ததும் அந்த அறுபது ரூபாவால்தான்.

கலிஸ்ரா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கன்னியர் மடத்தில் தையல் பழகி, இருபது வயதில் யோசெப்பைக் கலியாணம் முடித்தாள். 1990ஆம் ஆண்டு இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரு தையல் மெசினோடும் இடம்பெயர்ந்து உடையார்கட்டுக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அயலில் எல்லாருடைய இடுப்பளவும் தோளளவும் அவளுடைய கொப்பியில் இருந்தன. அளவு கொடுக்க வந்தவர்கள் அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார்கள். கதை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடியும்: வாசிக்க ஒன்றுமில்லை.

கலிஸ்ராவுக்கு அந்தக் குறை மற்றவர்களைவிடப் பெரிது. பன்னிரண்டு வயதிலிருந்து மாதாமாதம் குறுக்கெழுத்துச் சஞ்சிகை வாங்கியவள். முல்லைத்தீவுக் கடைத்தெருவில் மீராசாகிபு அதை அவளுக்கென்று மேசைக்குக் கீழே எடுத்து வைத்திருப்பார். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது அவரும் குடும்பமும் மாவட்டத்தை விட்டுப் போகவேண்டி வந்தது. எங்கே போனார் என்று நாலு வருசமாகத் தெரியவில்லை. 1994 ஒக்ரோபர் 11ஆம் திகதி அவரிடமிருந்தே கடிதம் வந்தது. வவுனியாவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகக் கடை போட்டிருக்கிறாராம்.

“தங்கச்சி கலிஸ்ரா, ஒரு புத்தகத்தைத் தனிய அனுப்பினால் அது வழியில எங்கேயாவது நிண்டுபோகும். பத்துச் சந்தா சேர்த்துத் தாரும். மாசத்துக்கு ஒரு கட்டாய்க் கட்டி, தபால் செலவை நானே பாத்து அனுப்புறன். ஒன்பது எண்டால் எனக்குக் கட்டாது. தை மாசப் புத்தகத்திலயிருந்து வேணுமெண்டால் மார்கழி முடியமுதல் காசும் பேர்களும் கையில கிடைக்கவேணும்.”

கலிஸ்ரா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே முப்பது வீடு ஏறி இறங்கினாள். சந்தா நூற்றியெண்பது ரூபா, மூன்று தவணை, வீட்டுக்கு ஒரு சஞ்சிகை, வாசித்தபின் எல்லாரும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்பது வீடு ஓம் என்றன, அவளுடையதோடு பத்து. அவளுடைய வீட்டுக்கு எது என்ற கேள்வியே எழவில்லை. “எனக்கு வாசிக்கப் பொறுமை இல்லையப்பா, நீ உன்ர குறுக்கெழுத்துக் கட்டத்தையே எடு” என்று யோசெப் சொல்லிவிட்டான்.

நவம்பர் 24ஆம் திகதி மீராசாகிபு, குறுக்கெழுத்தை விட்டு வேறு பத்து மாதிரிப் பிரதிகள் அனுப்பினார். பார்த்துத் தெரிவுசெய்யச் சொல்லி எழுதியிருந்தார். கலிஸ்ரா பிழைவிட்டது இங்கேதான். அவளுக்கு ஆட்களைத் தொழிலால்தான் தெரியும். கடற்றொழில் செய்கிறவனுக்கு அகலமான தோள் வைத்துத் தைப்பாள், உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தடித்த துணி சொல்லுவாள். புத்தகத்தையும் அப்படியே பிரித்துக் கொடுத்தாள். யோசெப்பின் தம்பி வின்சனுக்கு மீன்பிடிச் சஞ்சிகை. கொல்லர் வீரபாகுவுக்கு இயந்திரச் சஞ்சிகை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஐயாத்துரைக்கு வியாபாரச் சஞ்சிகை. பத்மாசனி ரீச்சருக்குக் கல்விச் சஞ்சிகை. அடுத்த வீட்டு நாகேஸ்வரிக்கு மாதர் சஞ்சிகை.

டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, கடைசித் தவணை கொடுக்க எல்லாரும் கலிஸ்ராவின் முற்றத்துக்கு வந்தார்கள். முதலில் வாய் திறந்தவன் வின்சன்.

“மச்சாள், விடிய விடியக் கடலைப் பாத்துப்போட்டு வாறன். வீட்டை வந்து படத்திலயும் கடலைத்தான் பாக்கவேணுமோ?”

“எனக்கெண்டால் இரும்பு,” என்றார் வீரபாகு. “என்ர பட்டறையில கிடக்கிற இரும்பு காணாதெண்டு நினைச்சிட்டாய் போல.”

“கல்விச் சஞ்சிகையில பாடத்திட்டம்தான் இருக்கு, கலிஸ்ரா. லீவு நாளிலயும் நான் படிப்பிக்கவோ?” என்று பத்மாசனி ரீச்சர் கேட்டா.

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் ஒவ்வொருவராக இருபதும் நாற்பதுமாக எண்ணி வைத்தார்கள். நாகேஸ்வரி மட்டும் வைக்கவில்லை. அவா கலிஸ்ராவுக்கு ஏழு வயது மூத்தவா. கணவருக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். பிள்ளைகள் இல்லை.

“எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லைப் பிள்ளை. கட்டின காசைத் திருப்பித் தாரும்.”

பத்து ஒன்பதானால் கட்டு வராது. கட்டு வராவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் வராது.

“வேற ஒரு வீட்டைப் பிடி,” என்றார் ஐயாத்துரை.

“வேற ஆர் தருவினம்? நான் முப்பது வீடு கேட்டனான், மனேச்சர். எனக்கு ரெண்டு கிழமை தாங்கோ.” கலிஸ்ரா நாகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்களும் தாங்கோ. பத்துப் புத்தகமும் பத்து வீட்டுக்கும் ஒவ்வொரு நாள் வரட்டும். பிடிச்சது எதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லவேண்டாம். வீட்டில ஒரு நாள் கிடந்தால் போதும்.”

“சொல்லாட்டி உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றான் வின்சன்.

“அது என்ர பாடு.”

டிசம்பர் 5 தொடக்கம் 14 வரை பத்துப் புத்தகங்கள் பத்து வீடுகளைச் சுற்றின. ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுப் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போனது. சனம் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்டது: “இண்டைக்கு உங்களிட்டை எது?” மழைநாளில் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

15ஆம் திகதி காலை பத்தும் திரும்பி வந்தன. கலிஸ்ரா தையல் மேசையைத் துடைத்து, யன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். துணியைப் பார்த்தே எந்த வீட்டுக் குசினியில் தோய்ந்தது என்று சொல்லக்கூடியவள் அவள். ஒரு மணித்தியாலத்தில் அவள் சந்தோசத்தில் துள்ளி எழும்பினாள்.

“இஞ்சேரப்பா, ஓடி வாங்கோ!”

யோசெப் வலை பொத்துவதை விட்டுவிட்டு வந்தான். வீட்டுத்தோட்டச் சஞ்சிகையில், ரோசாப்பதியம் வைப்பது எப்படி என்ற பக்கத்தில், மூன்று மீன்செதில்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

“வின்சனோ?” என்று யோசெப் வாயைப் பிளந்தான். “ரோசாவோ?”

“கரையில மணலுக்க இருந்தவன். இஞ்சதான் அவனுக்கு மண்ணுள்ள வளவு கிடைச்சிருக்கு. இதைப் பாருங்கோ.” பூவேலைச் சஞ்சிகையில் கரிப் பெருவிரல் பதினொரு இடத்தில் பதிந்திருந்தது. தலையணை உறைக்குப் போடுகிற கொடிப்பூ. அந்தப் பக்கம் மடிந்து வெடிக்கிற நிலையில் இருந்தது.

யோசெப் சிரித்துச் சிரித்து இருமினான். பின்னேரம் வீரபாகுவிடமே போய்க் கேட்டும்விட்டான். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“ஓம், நான்தான். அந்தக் கொடியை அப்பிடியே கம்பியில வளைச்சுப் பார். புதுக்குடியிருப்பில உள்ள ஆக்கள் எல்லாம் என்ர யன்னல் கம்பிதான் வேணுமெண்டு நிப்பினம்.”

தொடர்கதைச் சஞ்சிகையில் காதலன் கப்பலேறும் அத்தியாயம் முழுவதும் மூக்குப்பொடி. அயலில் பொடி போடுகிறவர் சங்கக்கடை மனேச்சர் ஒருவர்தான். “காத்தில பறந்து விழுந்திருக்கும்” என்று ஐயாத்துரை பிறகு சொன்னார். ஆனால் அது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சிரிப்புக்கதை போடுகிற பகிடிச் சஞ்சிகையில் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தது யாரென்று கேட்கவே தேவையில்லை. மற்ற நாலு வீடுகளையும் எண்ணெயும் மஞ்சளும் வெற்றிலைச் சாறும் காட்டிக்கொடுத்தன.

நாகேஸ்வரி வீட்டு அடையாளம் மட்டும் எதிலும் இல்லை. அவா கை கழுவாமல் எதையும் தொடமாட்டா. கலிஸ்ரா பத்தையும் இரண்டாம் தரம் புரட்டினாள், மூன்றாம் தரம் புரட்டினாள். வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை காலை, சிறுவர் சஞ்சிகையைக் கையில் எடுத்துச் சரித்தபோது, “படம் கீறிப் பழகுவோம்” பக்கத்தில் வெளிச்சம் வேறுமாதிரி விழுந்தது. யானையைச் சுற்றி மெல்லிய பள்ளக் கோடு. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். துணியில் அளவு பதிக்கப் பல்லு வைத்த சின்னச் சில்லை உருட்டினால் கீழே இருக்கிற தாளில் விழுகிற தடம் அப்படித்தான் இருக்கும். யாரோ மேலே மெல்லிய தாள் வைத்து, பென்சிலால் அழுத்தி, யானையைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் மயில். அதற்கடுத்ததில் கப்பல். ஒரு கோடுகூட நடுங்கவில்லை. கோலம் போட்டுப் பழகிய கை.

கலிஸ்ரா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டை அளவு எடுக்கப் போவதுபோல அடுத்த வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, ஆனையை எங்கை வைச்சிருக்கிறீங்கள்?”

நாகேஸ்வரியின் முகம் சிவந்தது. மறுத்துப் பார்த்தா. பிறகு அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியிலிருந்து, பிரதி எடுத்ததும் பிறகு தானாகக் கீறியதுமாக இருபத்தாறு தாள் எடுத்துக் கட்டிலில் பரப்பினா.

“ஐயோ அக்கா, எவ்வளவு வடிவு! பிறகேன் வேண்டாமெண்டனீங்கள்?”

“பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சிறுவர் புத்தகம் வந்தால் சனம் என்ன கதைக்கும்? இப்பவே கதைக்கிறது காணாதோ?”

கலிஸ்ரா கட்டிலில் இருந்து யோசித்தாள். எழும்பும்போது வழி பிறந்திருந்தது.

“என்ர வீட்டில ரெண்டு பெட்டையள் இருக்கினம். சிறுவர் புத்தகத்தை என்ர பேரில எழுதுறன். கட்டத்தை உங்கட பேரில எழுதுறன். வந்த உடன வேலியால மாத்துவம்.”

“உனக்கு வருத்தமில்லையோ?”

“பேரில என்னக்கா இருக்கு? கட்டம் எனக்குத்தானே வரப்போகுது.”

அடுத்த நாள் அறுபது ரூபா வந்தது. செவ்வாய்க்கிழமை கலிஸ்ரா புதுக்குடியிருப்புக்குச் சைக்கிளில் போய்க் காசுக்கட்டளை எடுத்து, பத்துப் பெயரும் பத்துச் சஞ்சிகையும் தெளிவாக எழுதி, பதிவுத்தபாலில் போட்டாள்.

1995 ஜனவரி முழுவதும் கட்டைக் காணவில்லை. சண்டை நின்றிருந்த மாதம் அது, பாதையில் சனம் கூடியிருந்தது, தபாலும் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். வின்சன் பசளைக் குழி வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தான். சங்கக்கடைச் சாமான் ஏற்றப் போன ஐயாத்துரை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பின் கரியரில் சாக்குத்துணியில் தைத்த கட்டு. பத்து வீடும் கலிஸ்ராவின் முற்றத்துக்கு ஓடி வந்தது.

கட்டைப் பிரிக்க மேலே ஒரு கடிதம் இருந்தது. கலிஸ்ரா கை நீட்டுவதற்கு முன்னம் ஐயாத்துரை அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

“பத்துச் சந்தாவும் பதிஞ்சாச்சு. மாசாமாசம் கட்டு வரும், இனிக் கடிதம் எழுத எனக்கு நேரம் வராது. தங்கச்சி, அவசரத்தில ஒரு பிழை விட்டிட்டீர். உம்மட பேருக்கு நேர சிறுவர் சஞ்சிகை எண்டும், நாகேஸ்வரி எண்ட பேருக்கு நேர குறுக்கெழுத்து எண்டும் கிடந்தது. பன்னிரண்டு வயசில இருந்து நீர் எதை வாங்கினனீர் எண்டு எனக்குத் தெரியாதோ? திருத்தி எழுதிப்போட்டன்.”

ஐயாத்துரை கட்டிலிருந்த புத்தகங்களைப் பெயர் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்து, சிறுவர் சஞ்சிகையை எடுத்தார். மேலுறையில் பெரிய எழுத்தில் நாகேஸ்வரி என்று இருந்தது.

“இது என்ன கூத்து? சிறுவர் புத்தகம் நாகேஸ்வரிக்கோ?”

“அது வந்து, மனேச்சர்…” என்று கலிஸ்ரா தொடங்கினாள். நாகேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து அமத்திவிட்டு முன்னால் வந்தா. முன்னால் நிற்கிற வின்சனின் கையில் ரோசா. வீரபாகுவின் கையில் தலையணை உறைப் பூ. மனேச்சரின் கக்கத்தில் காதல் தொடர்கதை. அவா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தா.

“ஓம் மனேச்சர், அது என்ரதான். நான் படம் கீறுறனான். ஆருக்கும் ஆனை வேணுமெண்டால் சொல்லுங்கோ.”

“கப்பல் கீறுவீங்களோ?” என்று ஐயாத்துரை மெல்லக் கேட்டார். “கதைக்குப் படம் போடேல்லை. அந்தப் பெடியன் ஏறின கப்பல் எப்பிடி இருக்குமெண்டு பாக்க விருப்பம்.”

“அப்ப அந்தப் பொடி காத்தில பறந்து வரேல்லை!” என்று வின்சன் கத்தினான். முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. நாகேஸ்வரி புத்தகத்தை வாங்கி, கைகளைச் சீலையில் துடைத்து, எல்லாருக்கும் முன்னால் திறந்தா.

மீராசாகிபுவிடமிருந்து அதற்குப் பிறகு கட்டுகள் வந்தன, கடிதம் வரவில்லை. அவருடைய அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1995 பெப்ரவரி 11.