பொன்னாடையோடு வந்தவர்

ஹம்பேர்க்கில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். மேடை என்றால் அவருக்கு உயிர். மேடையில் நடிக்கிற பெண்களைத்தான் கண்ணில் காட்டக்கூடாது. நான் நாடகத்தைத் தொழிலாக எடுத்ததும் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, மகளை விழாக்களுக்குக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. மற்றப் பிள்ளையளும் பாத்துக் கெட்டுப்போகும்."

அம்மா வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு விழாக்களுக்கும் போகவில்லை, என் நாடகங்களுக்கும் வரவில்லை. இப்படி ஒரு ஆளுக்கா பயப்படுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் முதன்முதலாகத் தலைமைப் பாத்திரம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பின்லாந்தில் நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட முதல் பெண்களில் ஒருத்தியின் வேடம். குளிர்காலத்தில் பனிவண்டியில் ஊர் ஊராகப் போய் நடிக்கிறாள். இரவில் கைதட்டிய கனவான்கள் காலையில் வீதியில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். ஒரு வீட்டுக்காரி, நடிகைக்கு அறை தரமாட்டேன் என்று கதவைச் சாத்துகிறாள். எனக்குப் பெரிய பயிற்சி தேவைப்படவில்லை. தலைவரை நினைத்தால் போதும்.

என் படம் ஜெர்மன் பத்திரிகையில் வந்தது. உடனே நான் "எங்கட பிள்ளை" ஆகிவிட்டேன். பொன்னாடையோடு வருவதாகத் தலைவர் அறிவித்தார். செய்தியை எங்கே வாசித்தார், படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

"அவரே வாறாராம். நீங்கள் வரமாட்டீங்களோ?" என்று அம்மாவிடம் கேட்டேன். வந்தார். முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தார்.

தலைவர் வந்தது நாடகம் முடிந்த பிறகு. நாங்கள் வரிசையாக நின்று வணங்கிக்கொண்டிருக்க, கமராக்காரரையும் இழுத்துக்கொண்டு மேடையேறினார். கையில் இரண்டு பொன்னாடை. பெரிய ஆளுக்கு முதலில் போர்த்துவதுதான் சங்க வழக்கம்.

"பொறு பிள்ளை, முதல்ல கதாநாயகிக்கு" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போய், வீட்டுக்காரியாக நடித்த வெள்ளைக்காரிக்குப் போர்த்தினார். எங்கட பிள்ளை வேலைக்காரியாக நடித்திருப்பாள் என்பது அவர் மூளையின் கணக்கு. ஜெர்மன்காரர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் அம்மா எழுந்தார்.

"அண்ணை, அவ நடிகைக்கு அறை குடுக்காமல் கதவைச் சாத்தின மனுசி. நீங்கள் சரியான ஆளுக்குத்தான் போத்தியிருக்கிறியள்."

சொல்லிவிட்டு மேடைக்கே ஏறி வந்தார்.

"மற்றதைத் தாங்கோ. என்ர மகளுக்கு நான் போத்திறன்."

தலைவர் கொடுத்தார். வேறென்ன செய்வார், கமரா ஓடிக்கொண்டிருந்ததே.