சிவப்புப் புள்ளியில் யோகமக்காவின் பெயர்

வரைபடம் போடுகிற வேலையில் ஊரை மேலேயிருந்து பார்த்துப் பழகிவிட்டால், படலைக்குள் நிற்கிற ஆளின் முகம் மறந்து போகும். எனக்கு மறந்து போனது சண்டிலிப்பாய் யோகமக்காவின் முகம். அவவுக்கு நான் செய்த அநியாயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த ஒழுங்கையில் எங்களுக்குப் படலை திறந்த ஒரே ஆள் அவதான். அதற்குக் கைமாறாக, நான்கு குடும்பங்களுக்குச் சொந்தமான ஒரு கிணற்றை அவவின் பெயரில் மட்டும் எழுதி, அதற்குச் சிவப்பு நிறமும் பூசி, உலகத்தில் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தேன்.

கையில் போனும் முதுகுப்பையில் போத்தல்களுமாய் ஆய்வு என்று வீடு வீடாய்த் திரிந்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாய் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீங்களும் நாய்க்குப் பயந்து மதிலில் ஏறியிருப்பீர்கள். ஒரு பெட்டியை நிரப்ப முடியாமல் வெயிலில் நின்று கைக்கு வந்ததை எழுதியிருப்பீர்கள். உங்களுடைய கோப்பிலும் இப்படி ஒரு பெயர் கிடக்கும். தேடிப் பாருங்கோ.

தகரவேலிக்கு மேலால் ஒரு தலை

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. கிணற்றடிக்குப் போய் ஒரு போத்தல் தண்ணீர் எடுப்போம். நிற்கிற இடத்தைப் போனில் குறிப்போம். ஆய்வுகூடத்தில் சோதித்து வந்த முடிவை இணைய வரைபடத்தில் ஏற்றுவோம். பச்சைப் புள்ளி என்றால் குடிக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வேண்டாம். யாரும் பார்க்கலாம். யாரும் தரவை இறக்கி எடுத்துத் தங்கள் வேலைக்குப் பாவிக்கலாம். அந்த "யாரும்" என்ற சொல்லில் எனக்கு அப்போது பெரிய காதல்.

சண்டிலிப்பாயில் அந்த ஒழுங்கைக்கு நானும் குகனும் போனோம். குகன் என்னோடு ஆய்வு செய்கிறவன். நான் கதைக்கிற நேரமெல்லாம் போத்தலுக்கு ஒட்டுத்தாள் எழுதிக்கொண்டு நிற்பான். முதல் வீட்டில் நாய். இரண்டாவதில் ஆள் இருந்தும் இல்லை. மூன்றாவதில் தகரவேலிக்கு மேலால் ஒரு தலை மட்டும் தெரிந்தது. நான் பல்கலைக்கழகம், நிலத்தடி நீர், பொதுமக்களின் நன்மை என்று ஒரு முழுப் பேச்சுப் பேசி முடித்தேன். அந்த மனுசன் கடைசிவரை பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன வரியமும் ஒரு கூட்டம் வந்து போத்தலிலை தண்ணி கொண்டு போனது. ஏன் பிள்ளை, உங்கடை பள்ளிக்கூடத்திலை தண்ணி வாறேல்லையோ?"

நாலு பேற்றை கிணறு

நாலாவது படலையைத் தட்டமுதலே யோகமக்கா திறந்துவிட்டா. விடியப்புறம் இடியப்பம் அவித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கன்ரீனுக்குக் கொடுக்கிறவ; வேலை முடிந்து தட்டுகளைக் கழுவி வெயிலில் பரவியிருந்தா. எங்களைக் கண்டதும் முதலில் குடிக்கத் தண்ணீர்தான் தந்தா. "கோயில் கிணத்துத் தண்ணி, பயப்பிடாமல் குடியுங்கோ. நாங்கள் சமையலுக்கும் உதுதான். சைக்கிளிலை ரண்டு கான் கொண்டு வந்திடுவன்." குடித்தோம். என் படிவத்தில் அதை எழுத ஒரு பெட்டி இருக்கவில்லை. படிவத்தைச் செய்தது நான்.

வளவுக்குப் பின்னால் இருந்த தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஆருடைய கிணறு என்று கேட்டேன். "நாலு பேற்றை. துரையண்ணைக்குத்தான் பெரிய பங்கு. கிழமையிலை நாலு நாள் அவர் வெங்காயத்துக்கு இறைப்பார். மற்ற ரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. எனக்கென்ன, ரண்டு பாத்திக் கீரைதானே." போனில் 'உரிமையாளர் பெயர்' என்ற பெட்டி ஒரேயொரு பெயரைத்தான் ஏற்றது. வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. அதையும் அப்படிச் செய்தது நான்தான். நான் முழிப்பதைக் கண்டு அவவே வழி சொன்னா: "என்ரை பேரைப் போடும் பிள்ளை. நான் எங்கை ஓடப்போறன்."

நான் வென்ற விவாதம்

ஆய்வுகூடத்து முடிவு வந்தது. அந்தக் கிணறு நல்ல சிவப்பு. வரைபடத்தை வெளியிடுவதற்கு முதல் நாள், அட்டவணையில் பெயர் இருக்கிற நிரலை எடுத்துவிட்டுப் போடுவோம் என்று குகன் சொன்னான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இவ்வளவு காலமும் எங்கடை சனத்திடம் தண்ணீரும் தகவலும் எடுத்தவர்கள் அதைப் பூட்டி வைத்துப் பட்டம் வாங்கினார்கள். ஒருத்தராவது திரும்பிப் போய்ச் சொன்னார்களா. பெயர் இல்லாவிட்டால் ஒரு விவசாயி தன்னுடைய கிணறு எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பான். திறந்த தரவென்றால் முழுக்கத் திறக்க வேண்டும், ஒரு கதவைத் திறந்து மற்றதைச் சாத்துவதற்குப் பெயர் திறப்பதில்லை. ஒரு மணித்தியாலம் கதைத்தேன். எங்களை மேற்பார்வை செய்கிற மிஸ் களைத்துப்போய், உங்களுக்குள்ளேயே முடிவெடுங்கோ என்று எழும்பிப் போய்விட்டா.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் "சனம்" என்று எத்தனை தரமோ சொன்னேன். யோகமக்கா என்று ஒரு தரமும் சொல்லவில்லை. எங்கள் வீடு அரியாலையில், கடலேரிக்குக் கிட்ட. கிணறு உவர். அதை மூடிக் கனகாலம். குடிக்கிறது பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர். குகனுக்கு இது தெரியும். பெயர் நிரலோடேயே கோப்பை ஏற்றுவதற்குப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்: "சரி, நீ வெண்டிட்டாய். உந்தப் படத்திலை உன்ரை பேர் எங்கையாவது கிடக்கே?"

அளவெட்டியிலிருந்து ஒரு அழைப்பு

வரைபடம் வெளிவந்த கிழமை எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அடுத்த கிழமை அளவெட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார். தவில் வாசிக்கிறவராம். அவருடைய கிணறு மஞ்சள். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் தமையன் கனடாவில் இருந்துகொண்டு எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டில் தண்ணீர் சரியில்லையாமே என்று கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அறிவியல் முடிவை ஆருக்காகவும் மாற்ற முடியாது என்று விளங்கப்படுத்தினேன்.

அன்றைக்கு மத்தியானம் அதை ஒரு பகிடியாகத்தான் ஆய்வுகூடத்தில் சொன்னேன். அவருடைய குரலில் வரைபடத்தைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விசயம் இருந்தது: நிறம் கிணற்றோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும். எனக்கு அது காதில் விழவில்லை. மனுசன் கோபப்படாமல்தான் இதைச் சொல்லிப் போனை வைத்தார்: "நிறத்தை மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லைப் பிள்ளை. கலியாணம் முடியுமட்டும் ஒருக்கா அழிச்சுவிடுங்கோ."

சுவரில் மாட்டிய தட்டுகள்

மாரி முடிந்து இரண்டாம் தரம் தண்ணீர் எடுக்கப் போனபோது யோகமக்கா அதேபோலப் படலை திறந்தா. இடியப்பத் தட்டுகள் எல்லாம் கயிற்றில் கோத்துச் சுவரில் தொங்கின. கழுவி வைத்த மாதிரித் தெரியவில்லை, தூசி படிந்திருந்தது. என்னக்கா, இப்ப அவிக்கிறதில்லையோ என்று கேட்டேன். அவ எனக்குத் தண்ணீர் தந்த பிறகுதான் சொன்னா. பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆரோ எங்கள் படத்தைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'யோகேஸ்வரி' என்ற அவவின் முழுப்பெயர், ஒழுங்கையின் பெயர். அடுத்த நாள் கன்ரீனில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கோயில் கிணற்றுத் தண்ணீரில்தான் அவிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாவாம். படத்தில் உங்கடை பெயர் கிடக்குதே என்றார்களாம்.

துரையண்ணையின் வெங்காயம் அந்த முறையும் லொறியில் ஏறிப் போயிற்று. கிணற்றைச் சிவப்பாக்கியது அவருடைய உரம். அக்கா, நான் இண்டைக்கே மற்ற மூன்று பெயரையும் படத்தில் ஏற்றுகிறேன், ஊர் பார்க்கட்டும் என்றேன். நியாயமான விவாதம் என்றுதான் நினைத்தேன். அவ தட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "எனக்குச் செய்தது போதாதெண்டே பிள்ளை மற்ற மூண்டு படலைக்கும் போகப்போறீர்?"

பிரதி அதிபர்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரதி அதிபர் நல்ல மனுசன், தேத்தண்ணி தந்தார். நான் பங்குக் கிணறு என்றால் என்னவென்று தொடங்கி, அந்தத் தண்ணீர் கீரைக்குத்தான் போகிறது, இடியப்பத்துக்கு இல்லை என்று முடித்தேன். மிஸ் கையெழுத்திட்ட கடிதமும் வைத்தேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன்னுடைய போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். பெற்றோருக்கு அவர் கடிதத்தைக் காட்டினால், அவர்கள் இதைக் காட்டுவார்களாம். அதோடு, கன்ரீன் இடியப்பத்தை இந்தத் தவணைக்கு வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று.

எனக்கு வாதாட வாய் பரபரத்தது. பெயரைப் பார்த்து முடிவெடுத்தது பிழை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருக்காப் போய்ப் பார்த்திருக்கலாம் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் பல்கலைக்கழகம் சொன்னதை நாங்கள் நம்பினது பிழையெண்டோ சொல்லுறீங்கள்?"

நன்றியுடன்

அன்றைக்கே பெயர் நிரலை அழித்தேன். ஒரு கிணற்றுடையதை மட்டுமல்ல, எல்லாவற்றையும். படிவத்தையும் மாற்றினேன்: பங்குக் கிணறா, எதற்குப் பாவிக்கிறார்கள், குடிநீர் எங்கிருந்து என்று மூன்று பெட்டிகள். குகன் பக்கத்திலிருந்து உதவி செய்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் கோப்பை இறக்கியவர்கள் அதை வைத்து வேறு படங்கள் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு மாணவர் குழு செய்தது எங்களுடையதை விட வடிவு. அதில் சிவப்புப் புள்ளியைத் தொட்டால் யோகமக்காவின் பெயர் பெரிய எழுத்தில் விரியும். இரண்டு பக்கத்தில் கெஞ்சி எழுதினேன். பெயரை அடுத்த பதிப்பில் பார்ப்பதாகச் சொல்லி உடனே பதில் வந்தது. யாரும் மாற்றலாம், யாரும் பகிரலாம், மூலத்தை மட்டும் குறிப்பிட வேண்டும் என்று கோப்போடு நான் எழுதி வைத்திருந்த நிபந்தனையை எனக்கே எடுத்துக்காட்டி, அந்தப் பிள்ளைகள் மரியாதையாய் முடித்திருந்தார்கள்: "உங்கள் நிபந்தனைப்படியே பயன்படுத்தியுள்ளோம். படத்தின் கீழே நன்றியுடன் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறோம், அக்கா."

கடைசியாய்ப் போனது

திருத்திய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு போனவாரம் சண்டிலிப்பாய்க்குப் போனேன். படலை சாத்தியிருந்தது. யோகமக்கா பின்னால் தோட்டத்தில், துரையண்ணையின் வெங்காயப் பாத்தியில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. நான் வரம்பில் குந்தினேன். மண் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தா. இப்போது அங்கே பெயர் இல்லை. 'பங்குக் கிணறு, தோட்டப் பாவனைக்கு மட்டும்' என்று இருந்தது. "இதை இனி ஆர் பாக்கப் போகினம்" என்றா.

ஆனாலும் பழக்கம் விடுமோ. என்னுடைய பிழை எங்கே தொடங்கியது, படிவம் எப்படி இருந்திருக்க வேண்டும், அடுத்த தவணைக்குப் பிரதி அதிபரிடம் திரும்பவும் எப்படிக் கேட்கப் போகிறேன் என்று வரிசையாய்ச் சொல்லத் தொடங்கினேன். "உமக்குக் கதைக்க நல்லா வரும்" என்றுவிட்டு அவ திரும்பவும் பாத்திக்குள் குனிந்தா. நான் கடைசியாய் ஒன்றுதான் கேட்டேன்: அக்கா, இனியும் ஆராவது போத்தலும் போனுமாய் ஆய்வு என்று வந்தால் படலை திறப்பீங்களோ?

அவ ஒரு பிடி புல்லை வேரோடு இழுத்து, மண்ணை உதறி, வரம்பில் என் காலடியில் போட்டுவிட்டுச் சொன்னா: "திறப்பன். தண்ணியும் குடுப்பன். பேர் கேட்டால் மட்டும் உம்மடை பேரைச் சொல்லுவன்."