சன்னலோர இட்லிப்பூவும் வேலியோரக் கறிவேப்பிலையும்

எண்பதுகளில் நாங்கள் கிள்ளானில் வாடகைக்கு இருந்தபோது மனைவி மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்ததால், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் அப்படியே படுத்துவிட்டாள். எனக்குத்தான் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

"பட்டாம்பூச்சியாவது வந்தா பாத்துக்கிட்டுக் கெடப்பேன்," என்றாள் ஒருநாள். அன்று மாலையே பாசாரில் இட்லிப்பூச் செடி வாங்கிவந்து சன்னலுக்கு வெளியே நட்டேன்.

கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூத்தது. பட்டாம்பூச்சி ஒன்றுகூட வரவில்லை. உரம் போட்டேன், பிடுங்கி இடம் மாற்றினேன், வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, பூச்சிக்கு இன்விடேஷன் அனுப்பலையா?" என்று கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூச்சி வராவிட்டால் பிள்ளையும் தங்காது என்று மனம் கிறுக்குத்தனமாக நினைக்கத் தொடங்கியிருந்தது. பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஆத்திரத்தைக் காட்டக் கறிவேப்பிலை இருந்தது. அக்கம்பக்கத்துக் குழம்புக்கெல்லாம் எங்கள் வேலியோரச் செடிதான். அதைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. தினமும் காலையில் பொறுக்கிப் போட்டுச் சிலிப்பரால் நசுக்குவேன். அந்த ஒரு வேலையாவது உருப்படியாக நடக்கிறதே என்று நினைப்பு.

ஒரு புழுவை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுதான் திருடன்."

"கொல்லாதீங்க. போத்தல்ல போட்டு இங்க வைங்க. எனக்கும் பொழுது போகணும் லா."

வேண்டாவெறுப்பாகக் குச்சியும் இலையும் போட்டு வைத்தேன். சில நாளில் அது கூடாகி அசையாமல் தொங்கியது. செத்துவிட்டது, எறிந்துவிடுகிறேன் என்றேன்.

"அசையலன்னா செத்துடுச்சா? நானுந்தான் அசையாம கெடக்கேன்."

பிறகு ஒரு காலையில் போத்தலுக்குள் கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் புள்ளி வரிசை. மூடியைத் திறந்தேன். சன்னல் கம்பியில் தடுமாறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து இட்லிப்பூவுக்குப் போனது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். நான் வாசலில் கிடந்த சிலிப்பரைப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும், "எத்தனைங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு நான் கறிவேப்பிலைப் பக்கமே போகவில்லை. கட்டிலருகே நாற்காலி போட்டு, சும்மா உட்காரப் பழகினேன்.

மகள் பிறந்தபோது கறிவேப்பிலையில் ஓர் இலைகூட மிச்சமில்லை.