சட்டி வைக்காத தீபாவளி

1. அடுப்பு அணைந்த நாள்

என் கணவர் முனியாண்டி இறந்தபோது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. முறுக்குச் சுட்டுப் பிழைக்கிற வீட்டில் சாவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. இதை அவர் காதுபடச் சொல்லியிருந்தால், "நல்ல நாள் பாத்தா சாவாங்க?" என்று சிரித்திருப்பார்.

கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் வேலை செய்த எஸ்டேட்டை முதலாளி விற்ற பிறகு, தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தோம். வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கேஸ் அடுப்பு வைத்துத் தொழிலை ஆரம்பித்தோம். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருந்த நான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மாவு பிசைவதும் பிழிவதும் பெண்கள் வேலை. அளவும் எண்ணெய்ச் சட்டியும் அவர் பொறுப்பு. எனக்கு ருசி பார்க்கும் வேலை. சட்டியிலிருந்து எடுக்கும் முதல் முறுக்கை ஒடித்து என்னிடம் நீட்டுவார். "கடிச்சுப் பாரு, பல்லு ஆடுதான்னு." நான் கடித்துவிட்டு, "ஆடல" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்றது டின்னில் இறங்கும். இத்தனை வருடத்தில் அவர் கையால் ஒரு நாளும் பல் ஆடியதில்லை.

அன்று பிற்பகல் அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். "நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் தண்ணி குடு," என்றார். நான் தண்ணீர் மொண்டு திரும்புவதற்குள் சரிந்துவிட்டார். அடுத்த வீட்டு ஸ்டெல்லாவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வெளியே வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

2. பெரியவர் சொன்னது

எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அந்த வருடம் தீபாவளியும் கிடையாது. பலகாரம் சுடமாட்டோம். சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிடுவோம். முறுக்கு விற்கிறவள் வீட்டுக்கு அந்த வழக்கம் வந்தால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

காடாத்துச் சடங்கு முடிந்த அன்று, என் கணவரின் அண்ணன், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், கொட்டகை வாசலில் நின்று சொன்னார்: "பாக்கியம், இந்த வருஷம் இங்க சட்டி ஏறக் கூடாது. நீயும் சட்டிப் பக்கம் போகாத. ஊரு நாளைக்கு நம்மளத்தான் பேசும்."

நான் எதற்கும் வாய்க்கு வாய் பேசுகிறவள். அன்று சரி என்று தலையாட்டினேன். ஊருக்குப் பயந்து அல்ல. அந்தச் சட்டியைப் பார்க்கிற தைரியம் எனக்கே இல்லை.

ஆனால் முறுக்குத் தொழிலில் தீபாவளிதான் அறுவடை. அந்த ஒரு தடவை கடைக்காரர்களுக்குச் சரக்கு போகாவிட்டால், ஃபேக்டரி பாக்கெட் முறுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு கடைத் தட்டில் நமக்கு இடமில்லை. பெரியவர் இருக்கும்போதே நான்கு பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். வேலை உண்டா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்டெல்லா அந்த நால்வரில் ஒருத்தி. லயத்திலிருந்தே எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். அவள்தான் பேச்சை எடுத்தாள். "அக்கா, எங்க வீட்டுல சுடலாம். நாங்களும் கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுடுறவங்கதானே. எங்களுக்குத் தீட்டு கீட்டு எதுவும் இல்ல லா."

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவங்க வீட்டு அடுப்புக்கு நான் என்ன சொல்றது? ஆனா இந்த வீட்டு மாவு வேணாம். புதுசா வாங்கிக்குங்க," என்றார். பெண்கள் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த அச்சுகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம்.

3. ஃபோன் செய்தது

சரக்கு எந்த வீட்டில் சுட்டது என்பதை மறைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல நாளுக்கு வாங்குகிற பலகாரம். வழக்கமாக வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நானே ஃபோன் செய்து, அவர் போனதையும் அடுப்பு மாறியதையும் சொன்னேன்.

சபாக் ஊர்க் கடைக்காரர் வெகுநேரம் துக்கம் விசாரித்தார். கடைசியில், "ஜனங்க கேட்டா என்னால பதில் சொல்ல முடியாதும்மா. இந்த வருஷம் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"தப்பா எடுக்கல அண்ணே," என்றேன். வேறொருவர் வீடாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஃபோனை வைத்த பிறகுதான் அழுதேன்.

செரண்டாவில் ஒரு பெண், ஃபேக்டரித் தோழிகளுக்கும் சேர்த்து வாங்குகிறவள், கேட்டாள்: "யார் வீட்டுல சுடுறீங்க?"

"ஸ்டெல்லா வீட்டுல."

"அப்புறம் என்ன? அனுப்புங்க லா. அண்ணன் பேரச் சொல்லித்தான் எல்லாரும் கேக்குறாங்க."

சிலர் விட்டார்கள், சிலர் எங்களோடு நின்றார்கள். சுங்கை புரோங் ஊர்க் கடைக்காரர்கள் நின்றார்கள்.

4. உதிர்ந்த முறுக்கு

ஸ்டெல்லா வீட்டில் முதல் சட்டி வைத்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ச் சத்தம் நின்றது. ஸ்டெல்லா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எண்ணெயில விழுந்ததும் உதிருதுக்கா. மூணு தடவ பாத்துட்டோம்."

"வெண்ணெய் கூடிப்போச்சு."

"அண்ணன் சொல்ற அளவுதான். மில்க் டின்னுல ஒரு டின்."

"எந்த டின்?"

"எங்க வீட்டு டின்தான். எல்லா மில்க் டின்னும் ஒரே அளவுதானே?"

ஒரே அளவுதான். அவருடையதைத் தவிர. ஒருநாள் அச்சு கை தவறி விழுந்து அவர் டின்னின் அடி உள்ளே நசுங்கிப்போனது, அதில் வெண்ணெய் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். தூக்கிப் போடச் சொன்னேன். "இதுல அளந்தாத்தான் மொறுமொறுன்னு வருது. இது அதிர்ஷ்ட டின்," என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் முறுக்கின் அளவே அந்த நசுங்கல்தான் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் போன பிறகு அன்றுதான் கொட்டகைக்குள் கால் வைத்தேன். மேசைக்குக் கீழே, அவர் வைத்த இடத்திலேயே டின் இருந்தது. உள்ளே வெண்ணெய் காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்துவந்து வேலிக்கு மேலே நீட்டினேன். ஸ்டெல்லா வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னடி, தீட்டுன்னு பாக்குறியா?"

"இல்லக்கா. அண்ணன் கை பட்டது. கழுவ மனசு வரல."

"வெண்ணெய் கெட்டுப்போய் நாறுது. கழுவு," என்றேன். அவள் உள்ளே போன பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த சட்டி உதிரவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது.

முதல் முறுக்கை ஒடித்து ஸ்டெல்லா வேலிக்கு மேல் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "நீங்களே பாத்துக்குங்க," என்றேன். தீபாவளிவரைக்கும் போன சரக்கு எதையும் நான் வாயில் வைக்கவில்லை. நன்றாக இருந்தாலும் எனக்குத் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது.

5. தீபாவளி காலை

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் விளக்கு. எங்கள் வீடு மட்டும் இருட்டு. சாவு வீட்டுக்கு முதல் தீபாவளிப் பலகாரம் கொண்டுவருகிற முறைப்படி ஸ்டெல்லா ஒரு டின்னோடு வந்தாள். டின்மேல் எங்கள் வீட்டு லேபல்தான் ஒட்டியிருந்தது.

"உதிராத மொத சட்டியில எடுத்து வச்சதுக்கா," என்றாள். அவளே ஒன்றை ஒடித்து நீட்டினாள்.

ஊருக்கெல்லாம் முறுக்கு கொடுத்தவள், முதல் தடவையாக இன்னொரு வீட்டு முறுக்கை வாங்கித் தின்றேன். அவர் சுட்டதேதான். வேறு ஒருத்தி கை, வேறு வீட்டு அடுப்பு, ருசி மட்டும் மாறவில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் அளவு ஒரே ஆள் கையில் இருக்க விடாதீர்கள். நான் இப்போது வெண்ணெயைத் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சபாக் கடைக்காரர் அடுத்த வருடம் அவராகவே திரும்பி வந்தார். அடுத்த வீட்டுக்காரியோடு மட்டும் சண்டை போடாதீர்கள்.

அந்தத் தீபாவளி காலையில் ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு பேரின் உழைப்பும் அந்தத் துண்டில் இருந்தது. அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நானே சொன்னேன்.

"ஆடல ஸ்டெல்லா. பல்லு ஆடல."