ஐந்துக்கு இரண்டில் நின்ற ஆட்டம்

என் வீட்டுக்காரர் எங்கள் மலையில் தேவனூர் நாட்டுக் காப்பித் தோட்டத்தில் துரைமாரோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடியவர். மார்க்கர் என்பார்கள். எங்கள் ஊரான திருப்புலி நாட்டில் வைத்த பெயர் வேறு, பந்து பொறுக்கி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்காகப் பரிந்து பேசியவர் அவருடைய அண்ணன் ஒருவர்தான். தம்பியின் பங்குக் காட்டையும் தானே உழுது சாமை விதைத்து, அவரை ஆட அனுப்பினார்.

ஒரு கோடையில் மார்க்கர்களுக்கென்றே அந்தத் தோட்டத்தில் போட்டி வைத்தார்கள். இவரோடு எட்டுப் பேர். தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயிப்பவனுக்குச் சேலத்து கிளப்பில் நிரந்தர வேலை. அண்ணன் அப்போது காய்ச்சலில் கிடந்தார். பார்க்கப் போனபோது, "செயிச்சுட்டு வா சாமி, கேலி பேசுனவங்க மூஞ்சிய நான் பாக்கோணும்" என்றார்.

முதல் ஆட்டம் ஊதித் தள்ளியது மாதிரி முடிந்தது. இரண்டாவதில் தோற்கிற நிலைக்குப் போய்ப் போய் மீண்டார். இறுதி ஆட்டத்தில் மதராஸ் மார்க்கர். முதல் செட் இவருக்கு, ஆறுக்கு நான்கு. அடுத்ததில் ஐந்துக்கு இரண்டு. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் சேலம்தான்.

அப்போது பங்காளி ஒருவர் ஓடிவந்து வலைக்குப் பக்கத்தில் நின்றார். "அண்ணன் போயிட்டாருங்க."

எங்கள் மலையில் சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் கைவேலையைத் தொடரக் கூடாது. ஏர் ஓட்டுகிறவன்கூட பாதிச் சாலில் மாட்டை அவிழ்த்துவிடுவான். இவர் மட்டையைத் தரையில் வைத்தார். ஒரு துரை ஏதோ கத்தினார். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏனுங்க, செத்த நேரம் பொறுத்துச் சொன்னா ஆகாதுங்களா?" என்று பங்காளியிடம் பாய்ந்தேன்.

"சேதியச் சொல்லாம நிக்கக் கூடாதுங்க அம்மிணி" என்றார் அவர். அவரும் அழுதுகொண்டிருந்தார். நாங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டுமுன்பே மதராஸ்காரர் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள்.

 வீட்டை அடைந்ததும் மாமியார் மகனைக் கட்டிக்கொண்டாள்.

"விடிஞ்சதுல இருந்து, தம்பி செயிச்சானான்னு அதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தான் கண்ணு. செயிச்சுட்டான்னு நாந்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் போனான்."

இவர் அண்ணனின் காலடியில் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆமாண்ணே, செயிச்சுட்டேன்."