லூசியா சுற்றிய ஏழாயிரம் சுற்று

செக்காலை ரோட்டில் ‘செல்வின் மோட்டார் ரீவைண்டிங்’ என்ற போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்தால் செல்வின் இருக்கமாட்டார். பதினொரு வருடமாக அவருக்குத் தோஹாவில் வேலை. கடையில் இருப்பவர் அவர் மனைவி லூசியா. நாற்பத்தாறு வயது, விரல் நகங்களில் வார்னிஷ் கறை, மூக்கு நுனியில் கண்ணாடி. காரைக்குடியில் பாதி வீடுகளின் போர்வெல் மோட்டாரும் கிரைண்டரும் ஒருமுறையாவது அவர் மேஜையில் படுத்து எழுந்தவைதான்.

நான் போனது மோட்டாருக்காக அல்ல. மெல்போர்னிலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தேன். கானாடுகாத்தானில் எங்கள் வீடு ஓட்டலாகப் போகிறது, அலமாரிகளைக் காலி செய்ய வேண்டும். மேல்வீட்டு அலமாரி ஒன்றில் பழைய ஜமுக்காளத்துக்குள் ஒரு எலக்ட்ரிக் கிதார்! என் சித்தப்பா தண்டாயுதபாணி 1968-இல் பினாங்கில் வாங்கியது. ஜப்பானில் செய்தது. செர்ரிப் பழச் சிவப்பு, கீறல்கூட அதிகமில்லை. தூசியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதே நிமிடம், விமானத்தில் இதை எப்படிக் கொண்டுபோவது, கழுத்து ஒடிந்தால் என்ன செய்வது என்ற கவலையும் தொடங்கிவிட்டது.

ஆட்டோக்காரரிடம் கிதார் ரிப்பேருக்கு யார் என்று கேட்டேன். “எங்க மாதா கோயில்ல ஒரு அக்கா வாசிப்பாக. மோட்டார் கடை வச்சிருக்காக. அங்குட்டுத்தான் போறேன், ஏறுங்க” என்றார்.

லூசியா கிதாரைப் பார்த்ததும் சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் சேலையில் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

“ஆச்சி, இதை நான் தொடலாமா?”

எனக்கு முப்பத்தொன்பது வயது. செட்டியார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோருக்கும் நான் ஆச்சிதான். தலையாட்டினேன்.

கோயில் பாடகர் குழுவின் சின்ன ஆம்ப்ளிஃபயர் அந்தக் கடை மூலையிலேயே இருந்தது. சொருகி ஒரு தட்டுத் தட்டினார். ஒலி வந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல. ஒலியை வாங்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்ததில் அதுவும் இல்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைப் பாட வச்சிட்டா, ஒரே ஒரு பாட்டுக்கு எனக்குத் தருவீகளா?” என்று கேட்டார்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. லூசியா இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறார். பள்ளியில் படிக்கும்போது கன்னியாஸ்திரி ஒருவரிடம் கற்றது. நான்கு வருடத்துக்கு முன் மோட்டாருக்குள் வைக்கும் கம்பிச்சுருளான காயில் கட்டிக்கொண்டே ஒரு மெட்டு முணுமுணுத்து, திருவிழாப் பாட்டுக்கு முன்னிசை ஒன்று போட்டார். ஒரு நிமிடம்கூட ஓடாது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவருடைய மரக் கிதாரின் சத்தம் கோயில் வாசல் கூட்டத்தில் எடுபடவில்லை. அதனால் கீபோர்டு வாசிக்கும் சேசுராஜ் தன் கீபோர்டில் கிதார் பட்டனை அமுக்கி, அந்த முன்னிசையைத் தானே வாசித்துவிடுகிறார். நான்கு திருவிழா அப்படிப் போயிற்று. இந்த ஞாயிறு ஐந்தாவது. லூசியா பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத கம்பியை மீட்டிக்கொண்டிருப்பார்.

“‘பட்டனை அமுக்குனா கிதார் வருது, உனக்கு எதுக்கும்மா கைவலி?’ம்பாரு. நல்ல மனுசன்தான். ஆனா என் மெட்டை என் கையால ஒருக்கா ஊரு கேக்கணும் ஆச்சி.”

தருகிறேன் என்றேன். திங்கட்கிழமை எனக்கு விமானம். நாங்கள் பேசிய அன்று செவ்வாய்.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே இருப்பது இவ்வளவுதான்: கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப். ஒவ்வொன்றிலும் காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே செம்பில் துளி மின்சாரம் பிறக்கிறது. இதை நான் போனில் தேடி முக்கால் மணி நேரம் படித்திருந்தேன். லூசியா ஒரே மூச்சில் முடித்தார்.

“மோட்டாருக்குக் கரண்டு குடுத்தா அது சுத்துது. இதுல நம்ம ஆட்டுறோம், கரண்டு வருது. அம்புட்டுத்தான?”

மீட்டரை வைத்தார். கம்பிகள் வந்து முடியும் பாலம் பக்கத்து பிக்கப் ஆறு கே, அதாவது ஆறாயிரம் ஓம், காட்டியது. கழுத்துப் பக்கத்தது ஒன்றும் காட்டவில்லை. உள்ளே கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பிறகு வால்யூம் குமிழுக்கு அடியில் இருந்த பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பிப் படித்தவர் உரக்கச் சிரித்துவிட்டார்.

“பத்து கே! எவனோ டேப் ரெக்கார்டர் கண்ட்ரோலைத் தூக்கிப் போட்டிருக்கான். இதுக்கு ஐநூறு கே வேணும். தண்ணித் தொட்டில அடியில ஓட்டை போட்ட கணக்கா, வர்ற கரண்டெல்லாம் இதுவழியா எர்த்துக்கு ஒழுகிருது. மொதல்ல ஒழுகுறது கூர்மைதான். அதான் முனகுது!”

“அக்கா, பழைய கிதாரில் ஒரிஜினல் சோல்டரைத் தொடவே கூடாது என்று போட்டிருக்கிறார்கள்” என்றேன்.

“எவனோ ஏற்கனவே தொட்டுட்டுப் போயிட்டான். நான் அவனைத்தான் தொடுறேன். பயப்படாதீக.”

புதன்கிழமை என்னைப் பழம்பொருள் கடைத் தெருவுக்கு அழைத்துப்போனார். வெள்ளைக்காரர்கள் மரத்தூணும் எனாமல் தட்டும் விலை கேட்கிற தெருவில், உடையப்பன் கடையில் லூசியா வால்வு ரேடியோக்களின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடையப்பன் பதறினார்.

“இது பாடாது லூசியா, அலங்காரத்துக்கு.”

“பாட வேணாம்ண்ணே. அதோட காதைத் திருகிக் குடுங்க, போதும்.”

பழைய வால்வு ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் ஐநூறு கே! கிதாருக்கு வேண்டிய அதே அளவு, ஏறக்குறைய அதே வயது. செத்த ரேடியோக்கள் இரண்டிலிருந்து இரண்டு கிடைத்தன. அதில் ஒன்றில் ரேடியோவை அணைக்கும் சுவிட்சும் ஒட்டியிருந்தது. அதை டோன் குமிழுக்குப் போட்டார். கூடவே ஒரு சின்னக் கெப்பாசிட்டர். குமிழைக் குறைக்கக் குறைக்க, கூர்மையான ஒலி மட்டும் கெப்பாசிட்டர் வழியே வடிந்து, மீதி வெல்லப்பாகு மாதிரி கனத்து வரும். கடைசி முனையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அணைவதற்கு எதுவும் இல்லை. ரேடியோ காலத்துப் பழக்கம் அதற்கு.

அன்று மாலை பாலம் பக்கத்து பிக்கப் பேசியபோது நான் கடைக்குள்ளேயே குதித்துவிட்டேன். மணி! வெண்கல மணி! எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அறுந்த பிக்கப்புக்கு நாற்பத்தாறாம் நம்பர் கம்பி வேண்டும். லூசியா தினமும் கையாளும் கம்பி அதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு தடிமன். மதுரையில் சொல்லி, வியாழக்கிழமை பஸ் பார்சலில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை சுற்ற உட்கார்ந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் கம்பியை விறைப்பாக இழுத்துத்தான் சுற்றுவார்கள். தளர்ந்தால் அதிர்ந்து தேய்ந்து எரிந்துவிடும். அந்தக் கை அப்படியே இழுக்க, மூவாயிரத்துச் சொச்சத்தில் கம்பி ‘பட்’டென்று போயிற்று. லூசியா கண்ணாடியை மேலே தள்ளினார். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, பழைய பட்டுத் துணித் துண்டு ஒன்றை எடுத்து, அதற்குள் கம்பியை ஓடவிட்டு, விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சுற்று மெஷினில் எண் காட்டும் சக்கரம் எப்போதோ தேய்ந்துவிட்டதாம். வாய்க்குள் எண்ணுவார். நூறு ஆனால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. நூறு முடியும்வரை யார் கேட்டாலும் பதில் வராது. கையை மட்டும் உயர்த்துவார். கிரைண்டர் காயில் ஆயிற்றா என்று கேட்க வந்த நாகவல்லி ஆச்சி, அந்தக் கையைப் பார்த்ததும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பழகியவர் போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் எழுபத்திரண்டு கோடு. மீட்டர் ஆறே கால் கே காட்டியது. சொருகித் தட்டினால், முதல் பிக்கப்பைவிடக் கொஞ்சம் இனிப்பான, உருண்டையான குரல்.

“ஆச்சி!” என்றார் லூசியா. இன்னொரு தட்டுத் தட்டினார். நானும் ஒன்று தட்டிப் பார்த்தேன்.

ஞாயிறு மாலை நாலு மணி. தேர்பவனிக்கு முன்னால் ஐந்தரைக்குப் பாட்டு. கோயில் வாசலில் மேடை, ஸ்பீக்கர், சீரியல் விளக்கு. சேசுராஜ் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன லூசியா, செவப்பா ஒரு கதவைத் தூக்கிட்டு வாரே?”

“கதவு இல்லண்ணே. இன்னைக்கு உங்க பட்டனுக்கு லீவு.”

“பாப்போம், பாப்போம்.”

லூசியா முன்னிசைக்குத் தேர்ந்திருந்தது, பிக்கப் மாற்றும் சுவிட்சில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேசும் நடு இடம். கடையில் ஒவ்வொன்றாகத்தான் கேட்டுப் பார்த்திருந்தோம். சுவிட்சை நடுவே தள்ளி வாசித்தார். பெரிய ஸ்பீக்கரில் வந்தது மூக்கடைத்த, ஒல்லியான, கீச்சென்ற ஏதோ ஒன்று. அடிக்குரலே இல்லை.

மேடையில் எல்லோரும் திரும்பினார்கள். “கொசு நல்லாப் பாடுது” என்றார் சேசுராஜ். சிரிப்பு. அவர் விரல் பட்டன் பக்கம் போயிற்று. “விடும்மா, நான் வாசிச்சுர்றேன். நேரம் ஆகுதுல்ல?”

நான் கெடுத்துவிட்டேனோ, தூக்கிவந்ததில் எங்காவது அடிபட்டதோ என்று வயரை எல்லாம் தடவிப் பார்த்தேன். லூசியா அசையாமல் நின்று சுவிட்சை மேலே தள்ளினார்: முழுக்குரல். கீழே தள்ளினார்: முழுக்குரல். நடுவே: கொசு. மறுபடி ஒருமுறை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

“ரெண்டும் தனித்தனியா நல்லா இருக்கு, சேந்தா நூலா வருது... ஆச்சி! போர் மோட்டாரு ரிவர்ஸ்ல ஓடுது!”

“என்னது?”

“கனெக்சன் மாத்திக் குடுத்தா மோட்டார் ஓடும், தண்ணி மட்டும் நூலாத்தான் வரும். மாசத்துக்கு நாலு வீட்டுல இதுதானே பாக்குறேன்! பழைய காயில் எந்தப் பக்கம் சுத்தியிருந்துச்சுன்னு பாக்காம, கை பழக்கத்துல மோட்டாருக்குச் சுத்துற பக்கமே சுத்திட்டேன். ஒண்ணு முன்னால தள்ளுது, ஒண்ணு பின்னால இழுக்குது. ரெண்டு வயரை மாத்தினாப் போதும்!”

மணி நாலே முக்கால். சோல்டரிங் அயர்ன் அவர் பையிலேயே இருந்தது. சீரியல் விளக்குக்காரரின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார், அவர் கத்தினார், யாரும் கேட்கவில்லை. நான் மூடியைப் பிடித்துக்கொள்ள, சேசுராஜ் தன் போன் டார்ச்சைக் காட்டினார். ஆமாம், அவரேதான். “சீக்கிரம்மா, சீக்கிரம். எனக்குக் கை வலிக்குது” என்றார். இரண்டு துளி ஈயம். வயர் இடம் மாறியது.

ஐந்தரைக்கு லூசியா நடு சுவிட்சில் முன்னிசையை எடுத்தார். அடிக்குரல் வந்தது. மேலே மணி வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மினுமினுப்பு, கீபோர்டில் எந்தப் பட்டனிலும் இல்லாதது. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிப்பதை நிறுத்தினார். சேசுராஜின் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஒரு நிமிடத்துக்கும் குறைவான மெட்டு. முடிந்ததும் கூட்டம் கை தட்டியது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பது யாருக்கும் நினைவில்லை. லூசியா பதற்றத்தில் டோன் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார் போலிருக்கிறது. மேடையோரம் நின்ற எனக்கு அந்த ‘டிக்’ கேட்டது.

பாட்டு முடிந்து இறங்கும்போது சேசுராஜ் மெதுவாகக் கேட்டார்: “லூசியா, அந்த டோனு என்ன நம்பரு?”

“நாப்பத்தாறுண்ணே. மதுரையில இருந்து பஸ்ல வந்துச்சு.”

திங்கள் காலை, கிதாரை எடுத்துக்கொள்ளக் கடைக்குப் போனேன். அதை லூசியாவிடமே விட்டுவிட்டுப் போகலாமா என்று இரவெல்லாம் யோசித்து, சொல்லிவிடுவது என்று முடிவும் செய்திருந்தேன். லூசியா கிதாரை ஜமுக்காளத்தில் கட்டி, மேலே தெர்மாகோல் வைத்து, ‘உடையும்’ என்று எழுதித் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மரக் கிதார் கம்பியில்லாமல், பிக்கப்புக்கு அளவெடுத்த பென்சில் கோட்டோடு கிடந்தது. சுற்று மெஷினில் பிளாஸ்டிக்கை வெட்டிச் செய்த, கம்பி சுற்றும் புது பாபின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஆறு திருகாணி, அடியில் அலமாரிக் கதவுக் காந்தம். மிச்சமிருந்த நாற்பத்தாறாம் நம்பர் கம்பி பட்டுத் துணிக்குள் மினுங்கி ஓடியது. பாபின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஒரு அம்புக்குறி, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று.

“அக்கா, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

லூசியா திரும்பாமல் கையை உயர்த்தினார். சுவரில் புதிதாகப் பதினெட்டு கோடு இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.